ஆளில்லாத ஆசனம்!

மரக்காணத்து உப்பளங்களிலே மழைக்காலம் வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியிலே வெள்ளம் புகும், உப்புக் கரையும், கூலி மறையும். வானத்தை வழக்கு மன்றத்துக்கு இழுக்க முடியாது. ஆகவே அந்த உழைப்பாளி காத்திருக்கிறான். அவனுடைய மகளும் காத்திருக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேறி, கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ ஆகலாம் என்று குரூப்-4 தேர்வுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். தந்தை பார்த்திருப்பது வானத்தை. மகள் பார்த்திருப்பது சென்னையிலுள்ள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தை. மழையின்மீது குற்றம் சாட்ட இயலாது. ஆனால், அந்த ஆணையத்தின் தலைவர் ஆசனத்தை இரண்டாண்டுகளுக்கு மேல் வெறுமையாக வைத்திருந்தவர்கள்மீது சாட்டலாம், சாட்டத்தான் வேண்டும்!

நடந்தது என்ன? தலைவராயிருந்த கா. பாலச்சந்திரன் 2022 ஜூன் திங்களில் ஓய்வு பெற்றார். அடுத்த முழுநேரத் தலைவராக எஸ்.கே. பிரபாகர் அமர்த்தப்பட்டது 2024 ஆகஸ்டில். இடையிலே கழிந்தவை இருபத்தாறு திங்கள்கள்! ஓய்வு என்பது திடீரென்று வீசும் புயலா? ஆறாண்டு, அல்லது அறுபத்திரண்டு வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே எல்லை என்று அரசியல் சட்டத்தின் 316-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. ஒருவர் பதவியேற்கும் நாளிலேயே அவர் விலகும் நாளையும் நாட்காட்டியிலே குறித்துவிடலாம். குறித்தவர் யார்? தலைவர் இல்லாதபோது உறுப்பினர் ஒருவர் பொறுப்பு வகிக்கலாம் என்று அதே பிரிவு இடம் தருகிறது. உண்மைதான். புதியவர் வரும்வரை தாங்குவதற்காக வைத்த முட்டுக்கோல் அது. அதையே தூணாக்கி வீடு கட்டியது யார் தந்த துணிவிலே?

இந்த ஆசனத்தின் வரலாறு சிறிதல்ல, தோழர்களே! உப்புக்கும் வரி விதித்த வெள்ளையர் ஆட்சிக் காலத்திலே, 1929-இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் தனக்கென ஒரு சர்வீஸ் கமிஷனைச் சட்டத்தின் மூலம் அமைத்துக்கொண்டது. மாகாணங்களிலே அதுவே முதலாவது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர், அவ்வளவே. அலுவலகப் படியேறச் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்த நாளில், தெரிந்தவர் எவருமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு விடைத்தாளே சிபாரிசு என்று ஆக்கிய ஏற்பாடு அது. மூவரோடு தொடங்கிய அமைப்பு பின்னாளில் பதினான்கு இடங்கள் கொண்டதாக வளர்ந்தது. 2023 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் முன் வழக்கு வந்தபோது அந்தப் பதினான்கிலே பத்து காலி! என்னே வளர்ச்சி!

மாநில அரசு, காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற சி. சைலேந்திரபாபுவின் பெயரை 2023-இல் பரிந்துரைத்தது. அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி கோப்பைத் திருப்பியனுப்பினார். எந்த முறையிலே தேர்ந்தீர்கள் என்று கேட்டார். கேட்கட்டும், கேள்வி கேட்பது குற்றமன்று. 2013-இல் பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமனத்தை உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, நேர்மையும் தகுதியும் ஆராயப்பட வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் கேள்வி வேறு, பூட்டு வேறு. விளக்கம் பெற்ற பின்னரும் கோப்பு நகரவில்லை என்றால் அது விழிப்பா, வீம்பா? மக்களின் வாக்கைப் பெறாத ஒருவர், மக்கள் தேர்ந்த அமைச்சரவையின் பரிந்துரையைக் கிடப்பிலே போட்டபோது, அந்தக் கிடப்பிலே கிடந்தது கோப்பு மட்டுமா? மரக்காணத்து மகளின் வயதும் அல்லவா!

2022 ஜூலை 24-இல் நடந்த குரூப்-4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் மனுச் செய்தார்கள். தொடக்கத்தில் அறிவித்த இடங்கள் 7,301. முடிவு வந்தது 2023 மார்ச்சில். 2023 பிப்ரவரியில் எழுதப்பட்ட குரூப்-2 முதன்மைத் தேர்வின் முடிவுக்கோ 2024 ஜனவரி வரை தவமிருக்க வேண்டியிருந்தது. எல்லாத் தாமதத்துக்கும் வெற்று ஆசனமே காரணம் என்று நான் வாதிடவில்லை. விடைத்தாள்கள் மலைபோல் குவிந்தால் திருத்த நாளாகும்தான். ஆனால் "ஏன் இத்தனை நாள்?" என்று கேட்டவருக்கு நின்று விடைசொல்ல, முழு அதிகாரமும் முழுப் பதவிக்காலமும் உடைய ஒருவர் இல்லையே!

"ஆளுநரின் கண்டிப்பு இல்லாவிட்டால் ஆளுங்கட்சிக்காரர் கூட்டம் புகுந்துவிடும்" என்று மாற்றார் கூறுவர். 2016-ஐ அவர்கள் மறந்தார்களா? அந்த ஆண்டு ஜனவரி 31-இல் ஒரே மூச்சிலே பதினொரு உறுப்பினர்கள் அமர்த்தப்பட்டார்கள். அந்த ஆணையிலே ஒப்பமிடும்போது ஆளுநர் மாளிகையின் கண்டிப்பு எங்கே உறங்கிற்று? டிசம்பரில் அந்தப் பதினொரு நியமனங்களையும் ரத்துச் செய்தது சென்னை உயர்நீதிமன்றம். அதற்கு வழிவகுத்தது வழக்குத் தொடுத்த கட்சிக்காரர்களின் முயற்சி. பின்னர் 2019 செப்டம்பர் குரூப்-4 தேர்விலே, இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையால் நடந்த மாயத்தை நாடு பார்த்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஆணையம் தளர்ந்தால் மோசடிக்காரனுக்குக் கொண்டாட்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரிந்துரைக்கப்பட்ட நாளிலே சைலேந்திரபாபுவுக்கு வயது அறுபத்தொன்று. கோப்பு மறுநாளே கையெழுத்தாகியிருந்தாலும் ஓராண்டுகூட அவர் அமர்ந்திருக்க முடியாது. அவர் திறமையில் குறை காணவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். நீண்ட காலம் பொறுப்பேற்று நடத்தக்கூடியவரை, ஆசனம் காலியாகும் முன்பே, தேர்ந்த முறையையும் ஊரறியச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தால் பூட்டுப் போட வந்தவருக்குச் சாவி கிடைத்திருக்காது.

ஆகவே, தோழர்களே, கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்குங்கள். தலைவர் ஓய்வு பெறுவதற்கு ஆறு திங்கள் முன்னரே அடுத்தவரின் தேர்வு தொடங்கட்டும். எந்த அளவுகோலால் தேர்ந்தோம் என்பதை அரசு வெளியிடட்டும். ஆளுநருக்கு ஐயமிருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்திலே கேட்கட்டும். விடை வந்ததும் ஒப்பமிடட்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையென்றால் அதையும் கேட்போம். மரக்காணம் கடைத்தெருவிலிருந்து தூத்துக்குடி உப்பளம் வரை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தீர்மானத்துக்குக் கையொப்பம் வாங்குங்கள்.