விடை தெரிந்த மூட்டை

சென்ற மாதம் விழுப்புரத்தில் என் நண்பர் ஒருவருடைய அச்சகத்துக்குப் போயிருந்தேன். ரயில் ஜங்ஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். முன்பெல்லாம் அந்த வாசற்படியில் கால் வைத்ததுமே, மூலையிலிருக்கும் சின்ன மேஜையின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார். கையில் சிவப்பு மசிப் பேனா. முப்பது வருஷமாகப் பிழை திருத்திய கை. "போன வாரக் கதையில ஒரு ஒற்று விட்டுப்போச்சே, கவனிச்சீங்களா?" என்று என்னையே கேள்வி கேட்பார். இந்தத் தடவை மேஜை இருந்தது; பெரியவர் இல்லை.

"எங்கே பெரியவர்?" என்றேன்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தாராம். இஸ்திரி போட்ட சட்டை, மடிக்கணினி, புன்சிரிப்பு. "செயற்கை நுண்ணறிவு, சார்! தமிழ்ப் பிழையைத் தானே திருத்தும். வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் பேசி அனுப்பினால் தானே எழுத்தாக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பதில் சொல்லும்" என்றாராம். ஒரு வருஷக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். நண்பர் கைமாற்று வாங்கிக் கட்டினார். அந்தக் கைமாற்றை அடைக்க வழி வேண்டுமே? பெரியவரின் சம்பளம் நின்றது.

மூன்றாவது வாரம் விக்கிரவாண்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகனின் தாத்தா காலமாகிவிட்டவர். அவர் பெயர் முனுசாமி. இந்தச் சீமையில் தெருவுக்கு ஒரு முனுசாமி உண்டு. ஆனால் எங்கோ உட்கார்ந்து புத்தகத் தமிழ் கற்ற யந்திரத்துக்கு அது பிழையாகப் பட்டிருக்கிறது. 'முனிசாமி' என்று திருத்திவிட்டது. 500 பத்திரிகைகள் அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. "செத்துப்போன மனுஷன் பேரையே மாத்திட்டீங்களே!" என்று அந்த வீட்டு அம்மாள் இதே வாசற்படியில் நின்று அழுதாளாம்.

கம்பெனிக்குப் போன் செய்தார் நண்பர். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார்கள். முடிவுகளைச் சரிபார்ப்பது வாங்கியவரின் பொறுப்பு என்று அதில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. சரிபார்க்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்களும் அவர்களே. சரிபார்க்கவில்லை என்று குற்றம் சாட்டியவர்களும் அவர்களே!

அன்று பிற்பகலே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் தூரம். அங்கே மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருக்கும் இன்னொரு நண்பர். (நிலக்கடலையை மல்லாட்டை என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் புரியும்.) அவரிடமும் ஒரு விற்பனையாளர் வந்திருக்கிறார். உடைத்த பருப்பைக் காமிராவால் பார்த்துச் சொத்தையையும் கல்லையும் ஊதித் தள்ளுகிற யந்திரம், அதற்குள் 'ஏ.ஐ.' இருக்கிறது என்று விளம்பரம். செய்து காட்ட, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பை பருப்பும் கையோடு கொண்டு வந்திருந்தாராம்.

மில்காரர் சொன்னார்: "உங்க பருப்பு வேணாம் தம்பி, என் மூட்டையைப் போட்டு ஓட்டுங்க."

முதல் நாளே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். நான்கு பெண்களை உட்காரவைத்து ஒரு மூட்டையைப் பொறுக்கச் சொல்லி, சொத்தை எவ்வளவு, சுருங்கல் எவ்வளவு, செம்மண் கட்டி எவ்வளவு என்று நிறுத்து எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கலந்து மூட்டையைக் கட்டிவிட்டார். விடை அவருக்குத் தெரியும், யந்திரத்துக்குத் தெரியாது. ஓட்டிப் பார்த்தால், செம்மண் கட்டிகளில் பெரும்பகுதியைப் பருப்பென்று நினைத்து யந்திரம் உள்ளே விட்டுவிட்டது! விற்பனையாளர் வேர்த்து விறுவிறுத்து, மூன்று முறை வந்து சரிசெய்தார். நான்காம் முறை தேறியது. மில்காரர் விலையையும் குறைத்துப் பேசி வாங்கினார். பொறுக்கிய பெண்களில் இரண்டு பேர் இன்னும் அங்கேதான், யந்திரம் தள்ளியதை மறுபரிசீலனை செய்கிறார்கள். இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருவரும் என் நண்பர்கள். இருவரும் கெட்டிக்காரர்கள். ஒருவர் ஏமாந்தார், ஒருவர் பிழைத்தார் என்றால் காரணம் என்ன? மல்லாட்டைப் பருப்பை எண்ணலாம், நிறுக்கலாம். எழுத்தையும் பேச்சையும் எப்படி நிறுப்பது என்று அச்சகக்காரருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தீர்க்கவேண்டிய கடமை யாருடையது என்பதுதான் என் வழக்கு.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. நான் அநியாயமாகப் பேச மாட்டேன். 2024 மார்ச்சில் மத்திய மந்திரிசபை 'இந்தியா ஏ.ஐ.' இயக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கென்று சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. கணக்கிடும் பிரும்மாண்டமான சில்லுகளை 38,000-க்கு மேல் திரட்டி, மணிக்கு 65 ரூபாய் என்ற மலிவு வாடகைக்குக் கிடைக்கச் செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் அதில் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்து என்ன செய்வார்? நம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், 2024 பிப்ரவரியில் ஒரு 'டைடல் நியோ' கட்டடம் திறந்தார்கள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். யந்திரம் செய்கிறவனுக்கு மாளிகை, வாங்குகிறவனுக்கு? அவனுக்கு ஒரு கருத்தரங்கம், ஒரு சான்றிதழ், ஒரு பொன்னாடை!

இதில் ஒரு வேடிக்கை. 2020-ல் தமிழ்நாடு அரசே செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சர்க்கார் இலாகாக்கள் இத்தகைய ஒரு கருவியை மக்கள்மீது பிரயோகிக்குமுன் அதற்கு மார்க்குப் போட்டுப் பார்க்க, 'டீப்–மேக்ஸ்' என்ற ஒரு பட்டியலையும் அதில் வகுத்தது. பாரபட்சம் பார்க்கிறதா, அந்தரங்கத்தைக் காக்கிறதா, தணிக்கைக்கு இடம் தருகிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள். ஆக, தனக்கு என்று வரும்போது சோதனை அவசியம் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவரத்தான் மனசு வரவில்லை.

"வியாபாரி தானே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதற்கும் சர்க்காரா?" என்று கேட்கிற கனவான்களை நான் அறிவேன். அவர்களைத் திண்டிவனத்துக்கு அழைக்கிறேன். அங்கே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடு பூராவும் விவசாயிகள் 'டி.எம்.வி.' என்று சொல்லி விதை வாங்குகிறார்களே, அந்த மூன்றெழுத்தும் திண்டிவனம்தான். குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்து 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2, ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறைகளாக விளைந்தது. ஒவ்வொரு குடியானவனும் பத்து ரகத்தை வாங்கிப் போட்டு, ஒன்பதில் நஷ்டப்பட்டு, பத்தாவதைக் கண்டுபிடிக்கட்டும் என்று அன்றைக்கு யாரும் விட்டுவிடவில்லை. நம் மண்ணில், நம் மழையில் விதைத்துப் பார்த்து, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டு, நிறுத்து, பிறகுதான் குடியானவன் கையில் கொடுத்தார்கள். நஷ்டத்தைச் சோதனை வயல் ஏற்றது. லாபம் குடியானவனுக்குப் போயிற்று. என் மில் நண்பரின் தகப்பனார் அந்த வயல்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து விதை வாங்கியவர். மகன் மூட்டையைக் கலந்து வைத்த சூட்சுமம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

டிராக்டருக்கும் இதே கதைதான். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-ல் தொடங்கிய நிலையம் பண்ணை யந்திரங்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. மானியத்தில் விற்கும் யந்திரத்துக்குச் சோதனை அறிக்கை கேட்கிறார்கள். மளிகைக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை உண்டு. கிராமைத் திருடினால் குற்றம். பெயரைத் திருடினால் 'தொழில்நுட்பக் கோளாறு'!

வெளியூர்களையும் பார்ப்போம். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், 2017-ல் தொடங்கிய திட்டத்தின்கீழ், சிறு வியாபாரிகளுக்கான கருவிகளை முன்கூட்டியே பரிசீலித்துப் பட்டியலிட்டு, பட்டியலில் உள்ளதற்கே மானியம் தருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஊரூராக வைத்திருக்கும் டிஜிட்டல் மையங்களின் தலையாய வேலை, பணம் போடுமுன் சோதித்துப் பார்க்க உதவுவதுதான். கனடாவில் என்ன நடந்தது? ஏர் கனடா விமானக் கம்பெனியின் உரையாடல் யந்திரம் ஒரு பிரயாணிக்குத் தப்பான கட்டண விவரம் சொல்லிவிட்டது. கம்பெனிதான் ஈடுகட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் சொல்லி, 800 டாலர் சொச்சம் வாங்கிக்கொடுத்தது. யந்திரம் உளறினால் கல்லாவில் இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதே இதன் அர்த்தம். விமானக் கம்பெனிக்கு அது கால்தூசு. விழுப்புரத்துக் கடைக்கு அது ஒரு மாத வாடகைக்கு மேல்.

"சர்க்கார் கை வைத்தால் எதுவும் உருப்படாது, அங்கேயும் கமிஷன் புகுந்துவிடும்" என்பது இன்னொரு ஆட்சேபம். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். அதனால்தான் முத்திரை குத்தும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. சோதித்துச் சொல்லும் மேஜை ஒன்றைத்தான் கேட்கிறேன். "வாங்கு" என்றோ "வாங்காதே" என்றோ அது சொல்ல வேண்டாம். "நூறு பெயர் கொடுத்தோம், இத்தனை பெயரைக் கெடுத்தது" என்று சொல்லட்டும். முடிவை எல்லார் கண்ணிலும் படும்படி வெளியிட்டால் கமிஷனுக்கு இடம் குறையும். சந்தேகப்படுகிறவன் அதே நூறு பெயரைத் தானும் போட்டுப் பார்க்கலாமே!

காரியம் கஷ்டமானதல்ல. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி தலைக்கு ஒன்று இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. ஒரு அறை, இரண்டு கணினி, சம்பளத்துக்கு நாலு பேர். அவர்களிடம் விடை தெரிந்த மூட்டைகள் இருக்க வேண்டும்: நம் ஊர் ஆட்களின் பெயர்கள், நம் ஊர்ப் பேச்சில் பதிந்த குரல்கள், மங்கலான பில்கள், மண் கலந்த மல்லாட்டை. விற்க வருகிறவன் யாராயிருந்தாலும் முதலில் அந்த மேஜைக்கு வரட்டும்.

அங்கே ஐந்து கேள்விகள். நூற்றுக்கு எத்தனை தப்பு? தமிழில் வேலை வாங்கினால் உண்மையான செலவு எவ்வளவு? (இந்த யந்திரங்கள் பல, எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் துண்டுக்கு இவ்வளவு என்று காசு கேட்கின்றன, அதே விஷயத்தைத் தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டு விழுகிறது.) வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் எங்கே போகின்றன? (2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது சின்னக் கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.) தப்பு நேர்ந்தால் யார் ஈடுகட்டுவது? பிடிக்காவிட்டால் பணத்தோடும் கணக்கு வழக்கோடும் வெளியே வர முடியுமா? ஐந்துக்கும் பதில் ஒரே பக்கத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும். அந்தப் பக்கம் இல்லாத கருவிக்குச் சர்க்கார் பணத்தில் ஒரு தம்படி மானியமும் கூடாது. பரீட்சை மாதம் கழியாமல் வருஷக் கட்டணமும் கூடாது.

"இந்த யந்திரமே வேண்டாம்" என்று சொல்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம் என்பதால் அது வராமல் நின்றுவிடாது. இன்றைக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது யந்திரத்தின் திறமையல்ல, யந்திரத்தைப் பற்றிய வதந்தி. பரீட்சை வைத்துப் பார்த்திருந்தால் என் அச்சக நண்பர் அந்த யந்திரத்தை வாங்கியிருக்கலாம். பெரியவரைத் துரத்தியிருக்க மாட்டார்.

திரும்பும் வழியில் பெரியவரின் வீட்டைத் தேடிப் போனேன். கீழ்ப்பெரும்பாக்கத்துப் பக்கம் ஒரு ஒட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேரனின் பாடப் புத்தகத்தில் சிவப்பு மசியால் பிழை திருத்திக்கொண்டிருந்தார். முனுசாமி விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அந்தக் குடும்பத்துக்கு நான் மூணு கல்யாணப் பத்திரிகை பார்த்திருக்கேன். பேரைத் தொடுறதுக்கு முந்தி வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்றார்.

நான் கேட்கிற மேஜையில் நாலு நாற்காலி போடுங்கள் என்றேன் அல்லவா? மூன்றில் கல்லூரிப் பிள்ளைகள் உட்காரட்டும். நான்காவது நாற்காலி இவருக்கு. விடை தெரிந்த மூட்டை இவரிடம்தான் இருக்கிறது.