தெருநாய்க்கு எங்கே போடுவது என்பது சரி… என்ன போடுவது?

தாபோடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில், தெருநாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் பிரித்துப் போடுபவரா நீங்கள்? 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, நினைத்த இடத்தில் போடக் கூடாது. வார்டுதோறும் இதற்குத் தனி இடம் ஒதுக்குவது மாநகராட்சியின் பொறுப்பு. தாபோடிக்கு அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. ஆனால், என்ன போடுகிறோம் என்பது நம் பொறுப்பு.

பிஸ்கட்டில் என்ன பிரச்சினை?

பெரும்பாலும் மாவு, சர்க்கரை, எண்ணெய்தான். வயிறு நிரம்பும், தேவையான புரதம் கிடைக்காது. மிச்ச பிரியாணி இன்னும் மோசம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

தயிர் சாதம் போடலாமா?

நாய், மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய பிராணி. சோற்றோடு முட்டையோ கறியோ சேர்ந்தால் சமாளித்துவிடும். பூனை அப்படியில்லை. அதற்கு வேண்டிய டாரின் இறைச்சி, மீனில்தான் இருக்கிறது. அது குறைந்தால் பார்வை போகும். இதயத் தசையும் பலவீனமாகும் என்பதை 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் பிறகே கம்பெனிகள் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டின. ‘எங்க வீடு சைவம்’ என்று பூனையைத் தயிர் சாதத்திலேயே வளர்ப்பது ஆபத்து.

அப்போ என்னதான் போடுவது?

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த முட்டை அல்லது எலும்பில்லாத சிக்கன், நாய்க்குக் கொஞ்சம் சோறு, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். சாக்லேட், திராட்சை வேண்டவே வேண்டாம். வீட்டுப் பூனைக்கு நாய் உணவு ஆகாது. பூனைக்கென்றே தயாரித்ததை வாங்குங்கள்.

ஒரு பாக்கெட் பிஸ்கட் காசில் ஒரு முட்டை வந்துவிடும்.