17 ஆட்டம்தான் ஆடினார்... ஆனாலும் முதல் ஆளாக எடுத்தது ஏன்? ஐஸ் ஹாக்கியில் ஒரு தடுப்பு வீரரை எடை போடுவது எப்படி?

ஒரு முழு சீசனில் ஆடியது வெறும் 17 ஆட்டங்கள். தொடக்கத்தில் காய்ச்சல், நடுவில் காரை எலும்பு முறிவு. ஆனாலும் 2025 ஜூன் 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த என்ஹெச்எல் டிராஃப்ட்டில் முதல் பெயராக வாசிக்கப்பட்டது அந்தப் பையனின் பெயர்தான். மேத்யூ ஷேஃபர், வயது 17, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தவர். அவரை எடுத்தது நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஷேஃபர் கோல் அடிக்கும் முன்கள வீரர் இல்லை, தடுப்பு வீரர். கோல் கணக்கை வைத்து முன்கள வீரரை ஓரளவு அளந்துவிடலாம். தடுப்பு வீரரை எதை வைத்து அளப்பது? அதுவும் 17 ஆட்டத்தை மட்டும் பார்த்து?

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் தொடரில் மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு ஆண்டும் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்வு செய்கிறார்கள். ஏழு சுற்றுகள், மொத்தம் 224 தேர்வுகள். ஐபிஎல் ஏலம் மாதிரி அதிகப் பணம் சொன்னவருக்கு வீரர் என்ற கதை இங்கே கிடையாது. பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை, அதற்குள்ளும் ஒரு குலுக்கல் உண்டு. ஐலேண்டர்ஸ் அந்தக் குலுக்கலில் பத்தாவது இடத்தில் இருந்தது. முதலிடம் கிடைக்க வாய்ப்பு வெறும் 3.5 சதவீதம். அதுதான் அடித்தது!

குலுக்கல் முடிந்த சில வாரங்களில் பொது மேலாளராகப் பொறுப்பேற்றவர் மேத்யூ டார்ஷ். வந்ததும் அவர் கைக்கு வந்த முதல் பெரிய முடிவே இதுதான்.

எதிரில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஷேஃபர் ஆடிய அதே ஓஹெச்எல் ஜூனியர் லீக்கில், மைக்கேல் மிசா என்ற முன்கள வீரர் 65 ஆட்டங்களில் 134 புள்ளிகள் குவித்திருந்தார். ஐலேண்டர்ஸின் சொந்த மண்ணான லாங் ஐலேண்டிலேயே பிறந்து வளர்ந்த ஜேம்ஸ் ஹேகன்ஸும் பட்டியலில் இருந்தார். உள்ளூர் பையனை விட்டுவிட்டு, பாதி சீசன்கூட ஆடாத ஒருவரை எடுப்பது சரியா என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

புள்ளிக் கணக்கு எங்கே ஏமாற்றும்?

கோல் அடித்தால் ஒரு புள்ளி, கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி. எரி ஆட்டர்ஸ் அணிக்காக அந்த 17 ஆட்டங்களில் ஷேஃபர் எடுத்தது 22 புள்ளிகள். 7 கோல்கள், 15 உதவிகள். அதற்கு முந்தைய சீசனில், 16 வயதில், 56 ஆட்டங்களில் 17 புள்ளிகள்தான். ஒரே வருடத்தில் இப்படி ஒரு பாய்ச்சல்.

பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஸ்கவுட்டுகள் எனப்படும் திறன் தேடுநர்கள் இந்த எண்ணை அப்படியே நம்பமாட்டார்கள். காரணம், ஜூனியர் லீக்கில் நல்ல தடுப்பு வீரருக்கு 'பவர் பிளே' நேரம் நிறையக் கிடைக்கும். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்க, ஐந்து பேர் நால்வரை எதிர்த்து ஆடும் நேரம் அது. அப்போது நீலக் கோட்டருகே நின்று வட்டைக் கடத்திவிட்டாலே உதவிப் புள்ளி வந்துவிடும். சமமான ஆட்கள் ஆடும்போது, எதிரணியின் சிறந்த வீரர்கள் எதிரே நிற்கும்போது என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நன்றாகத் தடுத்த ஆட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. விழாத கோலுக்கு யார் பெயரை எழுதுவது?

அப்படியென்றால் எதைப் பார்க்கிறார்கள்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். மூவர் முன்களம், இருவர் தடுப்பு. ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு தடுப்பு வீரர்கள், மூன்று ஜோடிகளாக மாறி மாறி இறங்குவார்கள். 60 நிமிட ஆட்டத்தில் முதல் ஜோடி வீரர் 25 நிமிடம் வரைகூட பனியில் இருப்பார். முன்கள வீரர்கள் அவ்வளவு நேரம் ஆடுவது அரிது. ஒரு நல்ல தடுப்பு வீரர் அமைந்துவிட்டால், அணியின் பாதி ஆட்டம் அவர் கையில்.

கவனிக்கும் விஷயங்கள் முக்கியமாக நான்கு.

ஒன்று, பின்னோக்கிய சறுக்கல். எதிராளி முழு வேகத்தில் நேராக வருவார். தடுப்பு வீரரோ அவரைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்க வேண்டும். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம். அதிகம் விட்டால் எதிராளி நிதானமாகக் குறி பார்த்து அடிப்பார். குறைவாக விட்டால் ஒரே திருப்பத்தில் கடந்து போய்விடுவார்.

இரண்டு, மூலைக்குப் போன வட்டை மீட்பது. எதிரணி வட்டை மூலையில் அடித்துவிட்டு இரண்டு பேரைத் துரத்த அனுப்பும். தடுப்பு வீரர் சுவரைப் பார்த்தபடி ஓடுவதால், பின்னால் வருபவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் ஸ்கவுட்டின் கண் வீரரின் தலை மேல் இருக்கும். வட்டைத் தொடும் முன் தோளுக்கு மேல் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாரா? பார்த்தவருக்கு எந்தப் பக்கம் தப்பிப்பது என்று முன்பே தெரியும். பார்க்காதவர் சுவரோடு நசுங்குவார்.

மூன்று, முதல் பாஸ். மீட்ட வட்டை யாருக்குக் கொடுக்கிறார்? பதற்றத்தில் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுகிறாரா, ஓடிவரும் சகவீரரின் மட்டைக்குச் சரியாகச் சேர்க்கிறாரா? இன்றைய வேகமான ஆட்டத்தில் தாக்குதல் தொடங்குவதே இந்த பாஸில்தான்.

நான்கு, தவறுக்குப் பின் என்ன செய்கிறார். எல்லாத் தடுப்பு வீரர்களும் தவறு செய்வார்கள். வட்டை இழந்ததும் மட்டையைத் தரையில் அடித்துக்கொண்டு நிற்கிறாரா, உடனே திரும்பி விரட்டுகிறாரா?

ஷேஃபரிடம் கண்டது என்ன?

6 அடி 2 அங்குல உயரம். அந்த உடம்பில் அவ்வளவு லேசான சறுக்கல். முதல் அடியிலேயே வேகம் பிடிப்பதால், மூலையில் வட்டை எடுத்ததும் துரத்துபவரைத் தானே சறுக்கித் தாண்டிவிடுகிறார். எதிராளி தன் பகுதிக்குள் நுழையும் முன்பே, நீலக் கோட்டிலேயே மறிக்கிறார். ஏமாந்தால்கூட திரும்பிப் பிடிக்கும் வேகம் இருப்பதால் அந்தத் துணிச்சல்.

அதே துணிச்சல்தான் ஆபத்தும். ஜூனியர் லீக்கில் வேகத்தை வைத்துச் சரிசெய்த தவறை, என்ஹெச்எல் வீரர்கள் எதிரே இருக்கும்போது சரிசெய்ய முடியாமல் போகலாம். அங்கே எதிராளியும் அதே வேகத்தில் வருவார்.

அடுத்தது பிறந்த தேதி. பலரும் கவனிக்காத விஷயம் இது. டிராஃப்ட்டில் பங்கேற்க அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் 11 நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2026 டிராஃப்ட்டுக்குத்தான் வந்திருப்பார். ஹேகன்ஸ் அவரைவிடப் பத்து மாதம் மூத்தவர். 17 வயதில் பத்து மாதம் என்பது உடல் பலத்திலும் அனுபவத்திலும் பெரிய இடைவெளி. குறைந்த வயதில் அதே தரத்தில் ஆடுபவருக்கு, வளர இன்னும் இடமிருக்கு என்பது ஸ்கவுட்டுகளின் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. 2024 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோயால் தாயை இழந்தவர் ஷேஃபர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹ்லிங்கா கிரெட்ஸ்கி கோப்பையில் கனடா அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். டிசம்பரில் ஒட்டாவாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், லாட்வியாவுக்கு எதிராக ஆடும்போது கோல் கம்பத்தில் மோதியதில் காரை எலும்பு முறிந்தது. அத்துடன் அந்த சீசன் முடிந்தது. இத்தனைக்கும் நடுவே ஒரு பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையும் அணிகள் விசாரிக்கும். அதற்கு மதிப்பெண் போட முடியாது, ஆனால் முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

கணிப்பு தவறினால் என்ன ஆகும்?

இதற்கு ஐலேண்டர்ஸ் அணியின் சொந்தக் கதையே போதும்.

2012 டிராஃப்ட்டில் முதல் பத்து இடங்களில் எட்டு பேர் தடுப்பு வீரர்கள். ஐலேண்டர்ஸ் நான்காவது இடத்தில் எடுத்தது கிரிஃபின் ரைன்ஹார்ட்டை. 6 அடி 4 அங்குலம், ஜூனியரில் நல்ல பெயர். ஆனால் என்ஹெச்எல்லில் மொத்தமே 37 ஆட்டங்களோடு அவர் கதை முடிந்தது. அந்த வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அதே டிராஃப்ட்டில், அதே அணி, மூன்றாவது சுற்றில் 65-வது இடத்தில் இன்னொரு தடுப்பு வீரரை எடுத்தது. பெயர் ஆடம் பெலெக். பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. ஐலேண்டர்ஸுக்காக 500-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிவிட்ட அவர், இன்று ஷேஃபரின் சக வீரர். ஜூனியரில் பெலெக் ஆடியதும் அதே எரி ஆட்டர்ஸ் அணிக்குத்தான்! அதே ஆண்டு 120-வது இடம் வரை யாரும் தொடாத ஜேக்கப் ஸ்லாவின், லீக்கின் மிகச் சிறந்த தடுப்பு வீரர்களில் ஒருவராக வளர்ந்தார்.

பழைய கதையும் இதேதான். டெட்ராய்ட் அணி 1989-ல் 53-வது இடத்தில் எடுத்த நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், சிறந்த தடுப்பு வீரருக்கான நாரிஸ் விருதை ஏழு முறை வென்றார். 2022-ல் உயரம் போதாது என்று அணிகள் தயங்கிய லேன் ஹட்சன், 62-வது இடத்தில் மான்ட்ரியலுக்குப் போனார். 2024-25 சீசனில் 60 உதவிகளுடன் அறிமுக தடுப்பு வீரருக்கான சாதனையைச் சமன் செய்து, சிறந்த புதுமுகம் விருதையும் பெற்றார்.

ஏன் இப்படித் தவறுகிறது? தடுப்பு வீரர்கள் மெதுவாக முதிர்பவர்கள். முன்கள வீரர் தப்பு செய்தால் பின்னால் இருவர் இருக்கிறார்கள். தடுப்பு வீரர் தப்பு செய்தால் பின்னால் கோல்கீப்பர் மட்டுமே. அந்த நிதானம் வர ஆண்டுகள் பிடிக்கும். கேல் மகார் 2017-ல் நான்காவது இடத்தில் எடுக்கப்பட்ட பிறகும், இரண்டு ஆண்டுகள் கல்லூரி அணியில் ஆடிவிட்டுத்தான் கொலராடோவுக்கு வந்தார். இன்று அவர் இரண்டு நாரிஸ் விருதுகளுக்குச் சொந்தக்காரர்.

ஐலேண்டர்ஸ் பணயம் வைத்தது என்ன?

ஷேஃபரை எடுத்த அதே நாளில், ஐலேண்டர்ஸ் தன்னுடைய முக்கிய தடுப்பு வீரர் நோவா டாப்சனை மான்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு 16, 17-வது தேர்வுகளும் எமில் ஹெய்னமன் என்ற முன்கள வீரரும் கிடைத்தார்கள். டாப்சனுக்கு வயது 25. 2023-24 சீசனில் 70 புள்ளிகள் எடுத்தவர், அடுத்த சீசனில் 39-க்கு இறங்கினார். இருந்தாலும், நிரூபித்த 25 வயது ஆள் போகிறார், நிரூபிக்காத 17 வயது பையன் வருகிறார். ஒரே நாளில்.

இது சும்மா ஒரு தேர்வு இல்லை. அணியின் பின்களமே இனி யாரைச் சுற்றி என்ற முடிவு.

களத்தில் இறங்கியதும்...

2025 அக்டோபர் 9. எதிரணி பிட்ஸ்பர்க். அங்கே ஷேஃபர் பிறக்கும் முன்பே என்ஹெச்எல்லில் ஆடத் தொடங்கிவிட்ட சிட்னி கிராஸ்பி. அந்த முதல் ஆட்டத்திலேயே ஷேஃபருக்கு ஒரு உதவிப் புள்ளி. இரண்டு நாள் கழித்து சொந்த மைதானத்தில் முதல் கோல்.

ஆனால் அணிக்கு இன்னொரு முடிவும் இருந்தது. 18 வயது வீரர் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால், அவரது மூன்று ஆண்டு ஒப்பந்தம் அந்த ஆண்டு தொடங்கியதாகக் கணக்கில்லை. ஒன்பது ஆட்டம் பார்த்துவிட்டு ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினால் அணிக்கு ஒரு வருடம் மிச்சம். நடுவில் உள்ள ஏஹெச்எல் லீக்கில் வைத்துப் பழக்கலாம் என்றால், கனடிய ஜூனியரில் இருந்து வரும் அந்த வயதுப் பையன்களுக்கு விதி இடம் தரவில்லை. ஒன்று உச்சம், இல்லையென்றால் பழைய இடம். ஐலேண்டர்ஸ் ஒன்பதோடு நிறுத்தவில்லை. தொடர்ந்து களமிறக்கியது.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

கோல் அடித்தால் வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிடும். அதை வைத்து முடிவு செய்யாமல், மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம், அணி ஒரு கோல் முன்னிலை என்றால் பயிற்சியாளர் ஷேஃபரை இறக்குகிறாரா? எதிரணியின் முதல் வரிசை வரும்போது களத்தில் இருப்பது யார்? மூலைக்கு ஓடும்போது அந்தத் தலை இன்னும் தோளுக்கு மேல் திரும்புகிறதா?

ரைன்ஹார்ட்டை எடுத்தபோதும் ஐலேண்டர்ஸுக்கு நம்பிக்கை இருந்தது. பெலெக்கை எடுத்தபோது யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒருவரை வரிசையில் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பது அந்த நாளோடு சரி. ஷேஃபருக்கும் அதே சட்டம்தான். அவரது ஆரம்பம் அபாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தடுப்பு வீரரின் உண்மையான மதிப்பெண் பட்டியல் வர இன்னும் சில சீசன்கள் ஆகும்.