சர்வைவல் கத்தியும் சாணை பிடிக்காத புத்தியும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இது கத்தி விமர்சனப் பதிவு இல்ல. கத்தியைப் பார்த்து நான் கத்துற பதிவு. (பஞ்ச் டயலாக் கோட்டா முடிஞ்சது, இனி தைரியமா படிக்கலாம் :-))

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பொட்டி தட்டுற எங்க கூட்டத்துல அப்பப்போ ஒரு காய்ச்சல் வரும். மொதல்ல ஆளுக்கொரு கேமரா. அப்புறம் ஆளுக்கொரு புல்லட். இப்போ வந்திருக்கிறது ‘பிக்சட் பிளேடு சர்வைவல் கத்தி’. அதாவது மடக்க முடியாத, உறையில சொருகி இடுப்புல கட்டிக்கிற, கறுப்பு கலர் பூசின, ஏழெட்டு அங்குலக் கத்தி. முதுகுல ரம்பப் பல்லு, பிடிக்குள்ள தீக்குச்சி, அடியில திசைகாட்டி. காட்டுல மாட்டிக்கிட்டா இது உயிரைக் காப்பாத்துமாம். வாங்கினவங்க எல்லாம் அதை வெச்சு இதுவரைக்கும் செஞ்ச ஒரே சாகசம், கூரியர் டப்பாவைக் கிழிச்சது.

என் கட்சி இதுதான்: இந்தக் கத்தி நம்ம காட்டுக்கும் பொருந்தாது, நம்ம சட்டத்துக்கும் பொருந்தாது, நம்ம ஆபத்துகளுக்கும் பொருந்தாது. வெளியூர் போறப்ப சில்லறை வேலைக்குக் கத்தி வேணும்னா நாலு அங்குலத்துல சாதாரணக் கத்தி போதும். மரம் வெட்டணும்னா நம்மகிட்ட அரிவாள் இருக்கு. உயிர் பிழைக்கணும்னா ரெண்டுமே தேவையில்ல. ஒவ்வொண்ணா வர்றேன்.

ரிக்வயர்மென்ட் எங்கய்யா?

தினமும் ஆபீஸ்ல ‘ரிக்வயர்மென்ட் தெளிவா இல்லாம கோடு எழுத மாட்டேன்’னு டேமேஜர்கிட்ட சண்டை போடுற ஆளுங்க நாம. கத்தி வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வி எங்க போச்சு? என்னத்தை வெட்டப் போறீங்க?

இந்தக் கத்திகளோட பூர்வீகத்தைப் பாருங்க. ‘கா-பார்’னு ஒண்ணு ரொம்பப் பிரபலம். ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க மரைன் படைக்காரங்களுக்குக் கொடுத்த 7 அங்குலக் கத்தி. அவங்களுக்கு அது ஆயுதம், கூடவே டப்பா திறக்கிற கருவி. பிடிக்குள்ள பொருள் வைக்கிற கத்தியைப் பிரபலமாக்கினது 1982-ல வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்து ராம்போ. குளிர் நாட்டுக் காட்டுல ராத்திரி விறைச்சுச் செத்துப் போகாம இருக்கணும்னா நெருப்பு மூட்டியே ஆகணும். அதுக்கு ஈர விறகைப் பிளந்து உள்ளே இருக்கிற காய்ஞ்ச பாகத்தை எடுக்கணும். அதனால கத்தி முதுகுல கட்டையால அடிச்சுப் பிளக்குற வித்தை அங்க வந்துச்சு. அந்த ஊருக்கு அது நியாயம்.

நாம போறது எங்க? நாகலாபுரம், ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை. இங்கல்லாம் குளிருக்கு முன்னாடி ஆளைச் சாய்க்கிறது தாகம், வெயில், வழுக்குப் பாறை, நீச்சல் தெரியாம இறங்குற குட்டை. இதுல எதைக் கத்தியால குத்தப் போறீங்க? நம்ம பயணத்துல கத்திக்கு உண்டான வேலை வெங்காயம், கயிறு, பிளாஸ்டர், பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான்.

டிவி பார்த்துக் கெட்டவங்க தனி. பேர் கிரில்ஸ்கூட நம்ம ரஜினி பந்திப்பூர்ல நடந்த நிகழ்ச்சி 2020 மார்ச்ல வந்துச்சு. நானும் விசிலடிச்சுத்தான் பார்த்தேன். ஆனா சூப்பர் ஸ்டாரே வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ள போனார், பின்னாடி ஒரு படப்பிடிப்புக் குழுவும் போச்சுங்கிறதை நம்மாளுங்க மறந்துட்டு கத்தியை மட்டும் ஞாபகம் வெச்சிருக்காங்க.

சட்டம் என்ன சொல்லுது?

கத்திப் பிரியர்கள் யாரும் பேசாத விஷயம் இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31: தலைமை வன உயிரினக் காப்பாளரோட எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாம யாரும் ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையக்கூடாது. ‘அது துப்பாக்கியைச் சொல்றாங்க பாஸ்’னு ஒரு நண்பர் சொன்னார். அதே சட்டத்துல ‘ஆயுதம்’னா என்னன்னு பட்டியல் இருக்கு. வில், அம்பு, வெடி, தூண்டில் கொக்கி, வலை, விஷம், பொறியெல்லாம் இருக்கிற அந்தப் பட்டியல்ல கத்தியும் பேர் சொல்லியே இருக்கு. மீறினா 3 வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். ஆக, எந்தக் காட்டுல உயிர் காக்கும்னு இந்தக் கத்தியை விக்கிறாங்களோ, அந்தக் காட்டு வாசல்லயே இது குற்றப்பொருள்!

ஆயுதச் சட்டம் 1959-ஐயும் பார்த்துடுவோம். அதன் விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில வருது. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இதுக்காகச் செஞ்சதுக்கு மட்டும் விலக்கு. அரிவாளுக்கு அந்த விலக்கைக் கேக்க முடியும். ‘டாக்டிகல்’, ‘கம்பாட்’னு டப்பா மேலயே அடிச்சிருக்கிற கத்தியை எந்த விவசாயத்துல சேர்ப்பீங்க? ‘என்னோடது 7 அங்குலம்தான்’னு சொல்றீங்களா? சரி. ராத்திரி 12 மணிக்குத் திருமுல்லைவாயல் பக்கம் வண்டியை நிறுத்தி பையைத் திறக்கச் சொன்னா, அளவுகோல் எடுத்துக் காட்டி விளக்குங்க. வாழ்த்துகள்.

குரங்கணி

இந்த இடத்துல கிண்டலை நிறுத்திக்கிறேன்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேல குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ல இருந்து மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கினாங்க. 23 பேர் போயிட்டாங்க. நம்மள மாதிரி ஐடி வேலை பார்த்த பொண்ணுங்களும் பசங்களும் அதுல இருந்தாங்க. மார்ச் மாசத்துல காய்ஞ்சு கிடந்த புல்லு, மாத்தி மாத்தி அடிச்ச காத்து, செங்குத்துச் சரிவு. தீ மேட்டுல ஏறும்போது மனுஷன் ஓடுறதைவிட வேகமா ஏறும். மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கிட்டே போறதால அந்த வேகம்.

அந்த மலையில எந்தக் கத்தி யாரைக் காப்பாத்தியிருக்கும்? ராம்போ கத்தியா, ஸ்வீடன் கத்தியா? காப்பாத்தியிருக்கக் கூடிய விஷயங்கள் வேற. அந்த மாசத்துல அந்தப் பாதை வேண்டாம்ங்கிற முடிவு. தீ எங்க எரியுதுங்கிற தகவல். மலையைத் தெரிஞ்ச உள்ளூர் ஆள் சொல்றதைக் கேக்கிறது. அதே வருஷம் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல ‘ட்ரெக் தமிழ்நாடு’னு 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர், பழங்குடி வழிகாட்டிகளோட அனுப்புறாங்க. தீக்காலத்துல பாதைகளை மூடவும் செய்யறாங்க. உண்மையான சர்வைவல் கருவி அந்த ‘மூடப்பட்டுள்ளது’ அறிவிப்புப் பலகைதான். அதை மதிக்காம வேலி தாண்டுறவன் இடுப்புல எந்தக் கத்தி இருந்தா என்ன?

சரி, கத்தி வாங்கியே தீருவேன்னா

தோட்டம், தோப்பு, கடற்கரை, நண்பரோட பண்ணைன்னு சட்டப்படி கத்தி வெச்சுக்கக் கூடிய இடமும் இருக்கு. அங்க எடுத்துட்டுப் போறதுக்கு, இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு நாலு விஷயம் சொல்றேன்.

நீளம் 4 அங்குலம் போதும். தடிமன் ரெண்டரையிலிருந்து 3 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் தடிமன்ல விக்கிறதெல்லாம் கத்தி இல்ல, கூர் வெச்ச கடப்பாரை. தக்காளி நறுக்கினா பிதுங்கும்.

உள்கூடான பிடியை ஒதுக்குங்க. இரும்பு பிடிக்குள்ள போகாம, பிடி ஆரம்பிக்கிற இடத்துல முடிஞ்சு போற டிசைன் அது. பக்கவாட்டுல விசை கொடுத்தா மொத்த அழுத்தமும் அந்த மூட்டுல விழும். அங்கதான் உடையும். முதுகு ரம்பமும் வேண்டாம். அது மரமும் அறுக்காது, கட்டை விரல் வைக்கவும் விடாது.

இரும்பு: ரொம்பக் கடினமாக்கினா கூர் நிக்கும், ஆனா முனை சிதறும். மிருதுவா விட்டா சிதறாது, ஆனா சீக்கிரம் மழுங்கும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துறதுதான் ஹீட் ட்ரீட்மென்ட். கார்பன் ஸ்டீல் சுலபமா கூர் ஏறும், நம்ம சென்னைக் காத்துல அதே சுலபத்தோட துருவும் ஏறும். தேங்காயெண்ணெய் தடவி வைக்கிற பொறுமை இல்லாதவங்க நல்ல ஸ்டெயின்லெஸ் வாங்குங்க. தோல் உறைக்குள்ளயே வெச்சு மூடினா எதுவும் தாங்காது, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஸ்வீடன்காரனோட ‘மோரா’ மாதிரி சாதாரணக் கத்தி இந்தக் கணக்குக்கெல்லாம் பொருந்தும். பார்க்க ஹீரோ மாதிரி இருக்காது, வேலை செய்யும்.

மரம் வெட்டணுமா? அரிவாள். அதோட வளைஞ்ச மூக்கைச் சும்மா அழகுக்கு வெக்கல. எடை முன்பக்கம் இருக்கிறதால வீச்சுல வேகம் கூடும். வளைவு முள்ளுக்கிளையை இழுத்துப் பிடிக்கும். கீழ இருக்கிற கல்லுல கூர் படாம காக்கும். கொங்குப் பக்கம் கொடுவாள், பனையேறிக்குப் பாளை அரிவாள், குமரிப் பக்கம் வெட்டுக்கத்தி. ஊருக்கொரு மரம், மரத்துக்கொரு வடிவம். பல தலைமுறையா யூசர் டெஸ்டிங் முடிச்ச டிசைன்யா இது! லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில காய்ச்சி, அடிச்சு, தோய்ச்சல் கொடுத்து, மரப்பிடியில பூண் போட்டுத் தர்ற கொல்லர்கிட்ட வாங்கினா, மழுங்கினதும் அவர்கிட்டயே கொண்டு போகலாம். மழுங்கின டாக்டிகல் கத்தியை எந்தக் கடல் தாண்டிக் கொண்டு போவீங்க?

என் உண்மையான கோபம்

2018 பிப்ரவரியில நம்ம பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்துல ஒரு ரவுடி பட்டாக்கத்தியால பிறந்தநாள் கேக் வெட்டினார். ஒரே ராத்திரியில 70 பேருக்கு மேல பிடிச்சாங்க. அது சரிதான். அதுக்கப்புறம் பட்டாக்கத்தியோட கேக் வெட்டி போட்டோ போட்ட விடலைப் பசங்க கைதான செய்தி அடிக்கடி வந்துக்கிட்டே இருக்கு. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு முழுக்க போலீஸ் சோதனை நடத்தினப்ப, அரிவாள் செய்யிற பட்டறைக்காரங்க வாங்குறவங்க பேர், விலாசம், போன் நம்பர் எழுதி வெக்கணும், கேமரா பொருத்தணும்னு சொன்னாங்க.

இப்போ நம்மாளுங்க போடுற போட்டோவைப் பாருங்க. மேஜை மேல ஏழங்குலக் கத்தி, பக்கத்துல காபி, ‘வார இறுதிக்குத் தயார்’னு ஒரு வரி. இதுக்கும் அந்தப் பையன் போட்டோவுக்கும் என்ன வித்தியாசம்? அவன் கையில இருக்கிறது பட்டறைச் சரக்கு, நம்ம கையில இருக்கிறது இறக்குமதிச் சரக்கு. அவனுக்கு லாக்கப், நமக்கு லைக். ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு அரிவாள் அடிச்சு விக்கிற கொல்லர், வாங்க வர்ற விவசாயியைச் சந்தேகமாப் பார்க்க வேண்டியிருக்கு. போர்க்களத்துக்குன்னு செஞ்ச கத்தியை ‘அவுட்டோர் ஹாபி’ன்னு அலமாரி போட்டு விக்கிறாங்க. ‘ஹாபிதானே, உனக்கென்ன?’ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். உங்க ஹாபி ஹாபியா இருக்கிறது உங்க சம்பளத்தாலயும் சட்டையாலயும்தான். அந்த வசதி இருக்கிறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

நம்ம ஏரியா சர்வைவல்

கடைசியா ஒண்ணு. நம்ம பக்கம் உயிருக்கு ஆபத்து வந்தது எப்பெல்லாம்? 2015 டிசம்பர் வெள்ளம். 2016 டிசம்பர் 12, வர்தா. 2023 டிசம்பர், மிக்ஜாம். கொரட்டூரும் அம்பத்தூர் எஸ்டேட்டும் தண்ணியில நின்னப்ப தேவைப்பட்டது கயிறு, டார்ச், பவர் பேங்க், குடிதண்ணி, மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். வர்தா சாய்ச்ச மரங்களைத் தெருவுல இருந்து அப்புறப்படுத்தினது அரிவாளும் கோடாலியும் ரம்பமும், அதைப் பிடிக்கத் தெரிஞ்ச மனுஷங்களும்தான்.

அதனால அந்த ஐயாயிரம், பத்தாயிரத்தைக் கையில வெச்சுக்கிட்டு யோசிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு: நல்ல டார்ச் ஒண்ணு, இருபது மீட்டர் கயிறு ஒண்ணு, முதலுதவிப் பெட்டி ஒண்ணு, நாலு அங்குலச் சின்னக் கத்தி ஒண்ணு. மிச்சக் காசுக்கு நீச்சல் கத்துக்குங்க. நீச்சலை எந்தச் செக்போஸ்ட்லயும் பறிமுதல் பண்ண முடியாது.

டிஸ்கி: கத்திப் பிரியர்கள் பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம். ஒரே ஒரு நிபந்தனை. திட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, போன ஒரு வருஷத்துல உங்க கத்தியால என்னென்ன வெட்டினீங்கன்னு பட்டியல் போட்டுட்டுத் திட்டுங்க. கூரியர் டப்பா கணக்குல சேராது :-)