வெற்றி வளைவும் மாதுளை மரமும்

ஈராக்கும் ஈரானும் 1980 முதல் 1988 வரை போரிட்டன. மாண்டவர்கள் பல இலட்சம். இரு தரப்பிலும் பெரும்பாலோர் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். அப்போருக்கு ஈராக் அரசு சூட்டிய பெயர் 'சதாமின் காதிசிய்யா'. ஏழாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் பாரசீகப் பேரரசை வென்ற களம் காதிசிய்யா. ஈரானோ தன் போரைப் 'புனிதத் தற்காப்பு' என்றது.

1989இல் பாக்தாதில் வெற்றி வளைவு திறக்கப்பட்டது. சதாமின் கைகளை மாதிரியாகக் கொண்டு வார்க்கப்பட்ட பெருங்கரங்கள் வாள்களைக் குறுக்காக ஏந்தி நின்றன. அவற்றின் அடியில் ஈரானிய வீரர்களின் தலைக்கவசங்கள் குவிக்கப்பட்டன. காண்போருக்குக் கவசம் தெரியும். அதை அணிந்திருந்தவனின் முகம் தெரியாது. போரை வீரக்காவியமாக்கும் கதைகள் யாவும் இப்படித்தான் முகத்தை மறைக்கின்றன.

மறைக்கப்பட்ட அந்த முகத்தை நம்முன் கொண்டுவந்து கிடத்துகிறது, ஈராக்கிய எழுத்தாளர் சினான் அன்தூன் 2010இல் அரபியில் வெளியிட்ட நாவல். 'மாதுளை மரம் மட்டுமே' என்பது அதன் தலைப்பின் பொருள். நாயகன் ஜவாத், மய்யித்துகளைக் குளிப்பாட்டும் குடும்பத்தில் பிறந்தவன், சிற்பியாக விரும்பியவன். அண்ணனை ஈரான் போர் கொண்டுபோகிறது. 2003ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது தந்தை இறக்கிறார். பிற்பாடு, எந்தத் தொழிலிலிருந்து விலகினானோ அதற்கே திரும்புகிறான். இலந்தை இலை, கற்பூரம், கஃபன் என நாம் நன்கறிந்த கடமைகளைச் செய்கிறான். சில நாள்களில் அவனிடம் வருவது முழு உடலாகக்கூட இருப்பதில்லை. குளிப்பாட்டிய நீரைக் குடித்தே வெளியிலுள்ள மாதுளை மரம் பூத்துக் காய்க்கிறது.

இத்தகைய கதைகள் மண்ணைக் காக்க உயிர்நீத்தவர்களை இழிவுபடுத்துகின்றன என்று சிலர் வாதிடுவர். அது சரியன்று. அண்ணனின் மரணத்தை அந்நாவல் எள்ளி நகையாடவில்லை; அழுகிறது. இறந்தவனைத் தன் புகழுக்குப் பீடமாக்கிக்கொள்ளும் அதிகாரத்தைத்தான் அது ஐயுறுகிறது. அரசு மாண்டோரை எண்ணிக்கையாகக் காண்கிறது. குளிப்பாட்டுபவனோ ஒவ்வொருவரையும் தனித்தனியே தொட்டாக வேண்டும்.

காதிசிய்யாவின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அப்பெயரைப் பின்னாளில் ஓர் ஆட்சியாளர் எதற்காக எடுத்தாண்டார், அதனால் எத்தனை வீடுகளில் ஜனாஸா எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அப்போதுதான் அவர்கள் வீரத்தையும் வெறியையும் பிரித்தறிவார்கள்.