வளவில் எந்த மாமரத்தை நடுவது?

கடந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு வார காலம் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தேன். மாம்பழக் காலம். திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் குவிந்து கிடந்தது. கனடாவில் வசிக்கும் எனது மூத்த சகோதரியின் மகனும் அப்போது ஊருக்கு வந்திருந்தார். வலிகாமம் வடக்கில் உள்ள எங்கள் பழைய வளவில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கட்டட வேலைகள் ஏறத்தாழ முடிந்து, முற்றத்துக்கு இன்ரலொக் கல் பதிப்பதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அதற்கு இடைஞ்சலாக நின்றது கிணற்றடியில் உள்ள அம்பலவி மாமரம்.

"மாமா, இது கிழட்டு மரம். வருசம் முழுக்கச் சருகுதான். இதைத் தறிச்சுப்போட்டு நல்ல ஒட்டுக்கண்டு ரெண்டு வைப்பம். டொம் ஈ.ஜே.சி. எண்டு ஒண்டு இருக்காம். கெதியாக் காய்க்குமாம், பழமும் பெரிசாம்" என்றார் மருமகன்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. பணம் அவருடையது, வாழப்போகும் வீடும் அவருடையது. ஆனால், வளவில் எந்த இன மாமரத்தை நடுவது என்ற கேள்வியை, தரைக்கு எந்த நிறக் கல்லைப் பதிப்பது என்ற கேள்வியைப் போன்றே அவர் அணுகினார். இன்று வடக்கில் புதிதாக வீடு கட்டுகின்ற பலரும் அவ்வாறுதான் அணுகுகிறார்கள். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

அந்த அம்பலவி மரத்தைப் பற்றி முதலில் கூற வேண்டும். அதை நட்டவர் எனது ஆச்சி. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எமது கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிப்போனது. போர் முடிவுக்கு வந்த பின்னர் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது நாங்களும் சென்று பார்த்தோம். வீடு இல்லை. வேலி இல்லை. ஒழுங்கை இருந்த இடம் கூடத் தெரியவில்லை. பற்றைக்காட்டுக்குள் தூர்ந்து கிடந்த கிணற்றையும் அதன் அருகில் நின்ற அம்பலவியையும் கண்ட பின்னர்தான் 'இதுதான் எங்கள் வளவு' என்று சகோதரியால் கூற முடிந்தது. ஊர் திரும்பிய வேறு பல குடும்பங்களும் ஒரு மரத்தையோ ஒரு கிணற்றையோ வைத்தே தமது எல்லைகளை அடையாளம் கண்டன.

ஆனால், பழைய நினைவுகளுக்காக மட்டும் ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அது மருமகனிடம் எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். நடைமுறைக் காரணங்கள் போதிய அளவு இருக்கின்றன.

முதலாவது காரணம், மாமரம் இடமறிந்து காய்க்கும் மரம் என்பது. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். 2001 ஆம் ஆண்டில், கொழும்பின் தெற்குப் புறநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றை ஆசையுடன் நட்டேன். மரம் கூரைக்கு மேல் வளர்ந்தது, இலை செழித்தது, நிழலுக்குக் குறைவில்லை. ஆனால் பூத்தது அபூர்வம். பூத்த வருடங்களிலும் மழை ஈரத்தில் பூங்கொத்துகள் கருகிக் கொட்டின. பத்து வருடங்களில் நாங்கள் சாப்பிட்ட பழங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மதிலுக்கு அப்பால் அயல் வீட்டாரின் விலாட் மரமோ தவறாமல் காய்த்தது.

மாமரம் பூப்பதற்கு ஓரிரு மாதங்களாவது வறட்சி வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடமொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாரியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்ததும் மண் காயத் தொடங்குகிறது, மரம் பூக்கிறது. வைகாசி, ஆனியில் பழம். கொழும்பில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு மழை, அதுவும் வருடம் முழுவதும் பரந்து பெய்கிறது. கறுத்தக்கொழும்பானின் பெயரைக் கேட்பவர்கள் அது கொழும்பில் இருந்து வந்ததோ என்று நினைக்கக்கூடும். உண்மையில் அது கொழும்பில் சரிப்பட்டு வராத மரம். விலாட், பெயரில் ஆங்கிலத் துரைமார் போலத் தோன்றினாலும், ஈர வலயம், உலர் வலயம் இரண்டிலும் காய்க்கும். கொழும்பில் வளவு வைத்திருப்பவர்கள் விலாட்டை நடட்டும். ஊரில் நடுபவர்களுக்கு அதை விடப் பெரிய தெரிவு இருக்கிறது.

இரண்டாவது காரணம் அந்தத் தெரிவைப் பற்றியது. எங்கள் ஆச்சியின் காலத்தில் நான்கு பரப்பு வளவில் மூன்று மாமரங்கள் நின்றன. அவை மூன்றும் ஒரே இனமாக இருந்ததில்லை. முற்றத்தில் விலாட், கைக்குள் அடங்கும் பழம், பருவத்தில் முந்தி வருவது, பிள்ளைகளுக்கு உரியது. வீட்டின் பின்புறத்தில் கறுத்தக்கொழும்பான். பழுத்த பின்னரும் தோலில் பச்சை மாறாது, ஆனால் உள்ளே சதை செம்மஞ்சளாக இருக்கும். விருந்தாளிகளுக்கும் உறவினர் வீடுகளுக்குக் கொண்டுசெல்வதற்கும் அந்தப் பழந்தான். கிணற்றடியில் அம்பலவி, நீண்டு தட்டையான பழம், மெல்லிய கொட்டை, நார் குறைவு. வாழைக்குளியல் நீர் போகும் வாய்க்காலுக்கு அண்மையில் நின்றதால் வரட்சியான வருடத்திலும் அது தளர்ந்ததில்லை. சம்பலுக்கும் சொதிக்கும் அடுத்த வீட்டில் இருந்து கிளிச்சொண்டு மாங்காய் வரும். பதிலுக்கு எங்கள் வீட்டில் இருந்து அம்பலவி போகும். வெள்ளைக்கொழும்பானும் செம்பாட்டானும் அதே ஒழுங்கையில் வேறு வளவுகளில் நின்றன. ஒரு பழத்தோட்டத்தில் இருக்க வேண்டிய இனங்கள் அனைத்தும் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தன. எவரும் திட்டமிட்டு அதைச் செய்யவில்லை. அயல் வீட்டில் இல்லாததைத் தன் வீட்டில் நடுவது என்ற சாதாரண வழக்கத்தினால் வந்த பலன் அது.

இன்று அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. அயல் வீட்டில் இருப்பதையே எல்லோரும் நட விரும்புகிறார்கள். டொம் ஈ.ஜே.சி. நல்ல மாம்பழம் என்பதில் சந்தேகமில்லை. பெரிய பழம், நார் குறைவு, நல்ல விலை. வர்த்தக ரீதியில் பயிரிடுபவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், வியாபாரி பழத்தில் தேடும் குணங்கள் வேறு. பெட்டியில் அடுக்க வேண்டும், லொறியில் நசியக்கூடாது, கடையில் பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும். மரத்தில் இருந்து கொக்கத்தடியால் பறித்து, காம்புப் பால் வடியவிட்டு, வைக்கோலுக்குள் மூன்று நாள் வைத்துச் சாப்பிடப்போகும் வீட்டுக்காரருக்கு அந்தக் குணங்களால் ஆவது என்ன? சந்தையில் எப்போதும் வாங்கக்கூடிய பழத்துக்காக வளவில் முப்பது அடி நிலத்தை ஏன் ஒதுக்க வேண்டும்? பணம் கொடுத்தாலும் கிடைக்காத பழத்தை நடுவதற்குத்தான் வீட்டுத் தோட்டம் இருக்கிறது. அம்பலவியை நாம் நடாவிட்டால் எமது பேரப்பிள்ளைகள் அதை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

மூன்றாவது காரணம், கன்றின் பெயர் சம்பந்தப்பட்டது. வீதியோரங்களில் கறுப்புப் பொலித்தீன் பைகளில் அடுக்கி விற்கப்படும் ஒட்டுக்கன்றுகளில் பெயர் எழுதிய சிறு அட்டை தொங்கும். அந்த அட்டையைத் தவிர வேறு உத்தரவாதம் எதுவும் கிடையாது. காய்க்கும் வரை பொறுத்திருந்துதான் உண்மையை அறிய வேண்டும். அதற்குள் நான்கைந்து வருடங்கள் போய்விடும். எனது நண்பர் ஒருவர் கறுத்தக்கொழும்பான் என்று வாங்கி நட்ட கன்று ஆறாவது வருடத்தில் நார் நிறைந்த புளி மாங்காயைக் காய்த்தது. விற்றவரை அவர் திட்டித் தீர்த்தார். பிறகு அனுபவமுள்ள ஒருவர் வந்து அடிமரத்தைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. ஒட்டிய பகுதி முதல் கோடையிலேயே பட்டுப்போயிருக்கிறது. ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டையில் இருந்து வெடித்த தளிரை நண்பர் அருமையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. கொட்டையில் இருந்து முளைக்கும் கன்றும் தாயைப் போலவே காய்க்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, இனத்தைப் பற்றிய நிச்சயம் வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது. நாம் பழம் தின்று பார்த்த மரத்தில் இருந்து நாமே தளிர் எடுத்து ஒட்டுவிக்க வேண்டும்.

அது பெரிய வித்தை அல்ல. கொட்டையில் இருந்து வளர்ந்த, பென்சில் பருமனான கன்று ஒன்று வேண்டும். தாய்மரத்தில் மூன்று, நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தெரிந்து, அதன் இலைகளைக் காம்பை மட்டும் விட்டு நறுக்கிவிட வேண்டும். ஒரு வாரம், பத்து நாட்களில் நுனி மொட்டுப் பருக்கும். அப்போது அதை அரை அடி நீளத்துக்கு வெட்டி, அடியை ஆப்பு வடிவில் சீவி, தலை வெட்டிய கன்றின் பிளவுக்குள் செருகி, பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களில் தளிர் விட்டால் ஒட்டுப் பிடித்துவிட்டது. கைபழகிய நாற்றுமேடைக்காரர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் ஐந்தாறு கன்றுகளை ஒட்டிவிடுவார்.

நடுவதிலும் அவசரம் ஆகாது. எமது பக்கத்தில் பல வளவுகளில் இரண்டடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அலவாங்கு கொண்டு உடைத்தேனும் மூன்றடி ஆழம், மூன்றடி அகலத்தில் கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்பி, ஐப்பசி மழையுடன் நட வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் அவசியம். முதல் இரண்டு, மூன்று வருடங்களில் வரும் பூவை ஒடித்துவிட வேண்டும். அதுதான் எல்லோருக்கும் மனம் வராத வேலை. காய்க்கத் தொடங்கிய மரத்துக்கோ மாரி முடிந்து பூக்கும் வரை தண்ணீர் காட்டக்கூடாது. மரத்துக்கு மரம் இருபத்தைந்து, முப்பது அடி இடைவெளி வேண்டும். முற்றம் முழுவதையும் கல்லால் மூடிவிட்டு நடுவில் ஒரு சட்டி அளவு மண்ணை விட்டு மரத்தை நடுவது மரத்துக்கும் நல்லதல்ல. மழைநீரை நம்பியிருக்கும் எமது கிணறுகளுக்கும் நல்லதல்ல.

போரில் நாம் எத்தனை வீடுகளை இழந்தோம் என்பதற்குக் கணக்கெடுப்புகள் நடந்தன, படிவங்கள் நிரப்பப்பட்டன. வளவுகளில் நின்ற தாய்மரங்களை எவரும் எண்ணவில்லை. எஞ்சி நிற்பவற்றின் வயது அறுபது, எழுபதைத் தாண்டிவிட்டது. எந்த மரம் என்ன இனம் என்று பழத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய முதியவர்களின் வயது அதை விடவும் கூட. இந்த இரண்டும் இருக்கும்போதே ஒவ்வொரு கிராமத்திலும் உள்ள நல்ல தாய்மரங்களைப் பதிவு செய்து அவற்றில் இருந்து கன்றுகளை உருவாக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பாடசாலைகளின் விவசாயப் பாட ஆசிரியர்களும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. பெரும் நிதி தேவையில்லை. ஒரு கூரிய கத்தியும் ஒரு பதிவேடும் போதும்.

மருமகனிடம் இவ்வளவையும் நான் ஒரேயடியாகச் சொல்லவில்லை. அன்று மாலை மரத்தில் இருந்து நாலைந்து பழங்களைப் பறித்து வைத்தோம். நான் புறப்படுவதற்கு முதல் நாள் அவை பழுத்திருந்தன. ஒன்றை வெட்டி அவரிடம் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அம்மா சொல்லுறது இதைத்தானோ?" என்று கேட்டார். ரொறன்ரோவில் மெக்சிக்கோ மாம்பழம் வாங்கும்போதெல்லாம் சகோதரி இந்த மரத்தைப் பற்றிப் பேசுவாராம்.

மரம் இன்னமும் நிற்கிறது. ஆனால் ஒரு பக்கம் உளுத்துவிட்டது. அதிக காலம் நிற்கும் என்று கூற முடியாது. ஆவணியில் நாற்றுமேடைக்காரர் ஒருவரை அழைத்து ஆறு கன்றுகள் ஒட்டுவித்தோம். மூன்று பிடித்தன. வரும் ஐப்பசியில் ஒன்று அதே வளவில், கல் பதிக்காமல் விட்ட மூலையில் நடப்படும். மற்றொன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மூன்றாவது யாருக்கு என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. கேட்டுவருபவரிடம் நான் விதிக்கப்போகும் நிபந்தனை ஒன்றுதான். அது காய்க்கத் தொடங்கியதும் அதிலிருந்து ஒரு தளிரை எடுத்து இன்னொருவருக்கு ஒட்டிக் கொடுக்க வேண்டும்.