கண்ணீரும் பயமும் சாட்சியாகாது

ஹந்தானைத் தோட்டங்களிலும் கீழே பேராதனை வரையிலும் வாழும் உறவுகளுக்கு,

லயங்களில் கூடும் ஜெபக்குழுக்கள், தியானக் கூட்டங்கள், சாமியார்களின் அடியார் சபைகள் பற்றி நம்மிடையே வாக்குவாதம் முற்றி வருகிறது. "என் பிள்ளையைக் காப்பாற்றியவர், அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்" என்று ஒரு பக்கம். "நம்ம பொம்பளப் பிள்ளைகளை மயக்கிக் கொண்டுபோயிடுவாங்க" என்று மறுபக்கம். அந்தக் குழுக்களுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதை விசாரியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

மாத்தளை நமக்குத் தூரமில்லை. அங்கே பிறந்த பிரேமானந்தா என்ற சாமியார், 1983 கலவரத்துக்குப் பின் ஆதரவற்ற பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குப் போய்த் திருச்சிக்கு அருகே ஆசிரமம் அமைத்தார். வீடு எரிந்து, சொந்தங்களை இழந்த பிள்ளைகளுக்கு அங்கே சோறும் துணியும் கிடைத்தது உண்மை. அந்த நன்றியே பின்னால் அவருக்குக் கவசமாயிற்று. 1994இல் தப்பி வந்த பெண்பிள்ளைகள் வாய் திறந்தபோது, அநாதைகளுக்கு அன்னமிட்டவரையா சந்தேகிப்பது என்று பக்தர்கள் கொதித்தார்கள். 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம், 13 பெண்பிள்ளைகள்மீதான பாலியல் வன்கொடுமைக்கும் ஆசிரமவாசி ஒருவரின் கொலைக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுப் பரிசோதனை அவ்வழக்கில் முக்கியச் சான்று. 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. 2011இல் அவர் கைதியாகவே இறந்தார்.

அந்தப் பக்தர்களின் கண்ணீர் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லி ஒருவர் அழலாம். பக்கத்து அறையில் இன்னொரு பிள்ளைக்கு நடந்ததை அந்த அழுகை எப்படி மறுக்கும்?

பயத்தின் பேச்சும் உயிரைக் குடிக்கும். 2018இல் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி அம்பாறையில் கிளம்பியது. அடுத்த சில நாட்களில், மார்ச் மாதம், நம் கண்டி மாவட்டத்திலேயே திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும் ஒரு சிறு கூட்டத்தின் பாதகத்துக்காக ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானைப் பற்றி அதற்கு முன்பே முறைப்பாடு செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். யார், என்ன செய்தார் என்று அவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். அதற்கு உரிய காலத்தில் காது கொடுத்திருக்க வேண்டும்.

ஆபத்து கற்பனை என்று யாரும் அலட்சியம் செய்யவும் வேண்டாம். 2023 டிசம்பர் இறுதியில் மாலபேயைச் சேர்ந்த ஒரு போதகர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த சில நாட்களுக்குள் அவருடைய மனைவி, பிள்ளைகள், போதனை கேட்டவர்கள் என்று, அவரோடு சேர்த்து மொத்தம் ஏழு உயிர்கள் போயின.

எனவே எந்தச் சபையானாலும், நம்முடைய கோயில், நம்முடைய சர்ச் என்றாலும், ஒரே விதமாகக் கேளுங்கள். விலக நினைத்தவரை நிம்மதியாக விட்டார்களா? பிள்ளையோடு பெற்றோர் தனியே பேச முடிகிறதா? நோய் வந்தால் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக விடுகிறார்களா, மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? நாட்சம்பளமும் ஈ.பி.எஃப். காசும் யார் கைக்குப் போகின்றன? தலைவரைக் கேள்வி கேட்டவர் கதி என்ன?

பதில் சரியாக இருந்தால் அவர்களை அவர்கள் பாட்டுக்கு விடுங்கள். மத சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. பதில் தவறாக இருந்தாலும் கூட்டமாகப் போய் வாசலில் கத்தாதீர்கள். அவமானப்பட்ட குடும்பம் அந்தச் சபைக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். சபைக்குப் போனவரோடு பேச்சை முறிக்காதீர்கள், திரும்பி வர அவருக்கு ஒரு வீடு வேண்டும். கண்டதைத் தேதியோடு எழுதிப் பொலிஸில் கொடுங்கள். சிறுவர் சம்பந்தப்பட்டதென்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஹந்தானைத் தோட்டத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும்